குடை பிடித்த கை

2008 மார்ச் 12, புதன்

ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அம்பிட்டியவில் கண்டி ராஜா காலத்து உடுப்புப் போட்டு எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் எண்ணெய் ஓவியம் போல மாற்றிக்கொண்டிருந்தேன். ராஜா வேஷம் எங்கள் ஸ்டூடியோ முதலாளிக்கு. பின்னால் குடை பிடித்தவன் செல்வம், எங்களோடு ஃபிரேம் அடிப்பவன், ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்துக்காரன். வாடகை உடுப்புகளைத் திருப்பிக் கொடுக்கப் போனவனைத் திங்கட்கிழமை சோதனைச் சாவடியில் புலி என்று சந்தேகப்பட்டுப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. பையில் வாள் இருந்ததாம். மரவாள். கொடுத்தனுப்பியவர் முதலாளி.

இன்று அவர் என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றார்.

"அவன்ர முகத்தை அழிச்சுவிடு பிள்ளை. பொலிஸ் கண்டால் எங்களுக்கும் கரைச்சல்."

"அப்ப குடைய யாரு பிடிக்கிறது சேர்?"

"கை இருக்கட்டும். தூணுக்குப் பின்னால நிக்கிற மாதிரிச் செய்."

பொலிசுக்குப் போய் அது நாடக வாள் என்று சொல்ல அவருக்கு நேரமில்லை. தன் கன்னத்தை இன்னும் கொஞ்சம் வெள்ளையாக்கச் சொல்ல நேரமிருந்தது.

அழித்தேன். வெட்கமில்லாமல் அழித்தேன். செல்வத்தின் மீசை இரண்டே இழுப்பில் போய்விட்டது. ஆனால் அந்தரத்தில் நின்ற அந்தக் கையைப் பார்க்க முடியவில்லை. கையையும் எடுத்தேன், குடையையும் எடுத்தேன். தலைக்கு மேல் நல்ல மஞ்சள் வெயில் தீட்டினேன்.

நாளைக்கு வந்து பார்க்கட்டும். ராஜா வெயிலில் நிற்கிறார்.