அக்காவின் இங்கிலீஷ்

என் முகம் பார்த்திராத அக்காவுக்கு,

தீபாவளிப் புடவையை உங்கள் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்ட பிறகுதான் உடுத்தினேன். இரண்டாம் தாரமாக வந்தவள் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று மாமியார் சொல்லியிருந்தார். அதில் எனக்கு வருத்தமே இல்லை. உங்கள் இங்கிலீஷோடுதான் எனக்கு ஒத்துப்போகவில்லை.

இங்கிலீஷ் டீச்சராக இருந்தீர்களாம். வீடு இன்னும் உங்கள் வகுப்பாகத்தான் இருக்கிறது. ஒரு நாள் நம் வீட்டுக்காரர் போர்வையைப் போர்த்திக்கொண்டு, "கொஞ்சம் அண்டர் தி வெதர் அம்மணி" என்றார். நான் ஜன்னலைத் திறந்து மழையா என்று பார்த்தேன். உங்கள் மகள் தரணிதான், "ஒடம்பு செரியில்லைன்னு அர்த்தமுங்க" என்றாள்.

அவள் பரீட்சைக்குக் கிளம்பினால் அவர், "பிரேக் எ லெக் கண்ணு" என்பார். நல்ல காரியத்துக்குப் போகிற பிள்ளையிடம் காலை உடைத்துக்கொள் என்பதா என்று பதறிப்போனேன். நல்லா எழுது என்று வாழ்த்துவதாம் அது. அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குள் எனக்கு இடமில்லை. வயிறு எரிந்தது அக்கா. செத்தவர் மேல் பொறாமைப்படுவது பாவம்தான், அதற்காக எரியாமல் இருக்குமா?

நானும் போனில் வீடியோ பார்த்துப் படித்தேன். ஜவுளிக்கடை வேலைக்குப் போகும்போது உக்கடம் பஸ்ஸில் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

"தனியாவா இத்தனை சந்தகையும் புழிஞ்சே?" என்று இடியாப்பம்போல் தட்டில் குவிந்திருந்ததைப் பார்த்து அவர் ஒரு நாள் கேட்டார்.

"இதெல்லாம் பீஸ் ஆஃப் கேக்குங்க" என்றேன்.

சுலபமான வேலைக்குத்தானே அப்படிச் சொல்வார்கள்? சரியாகத்தான் சொன்னேன். ஆனால் அவர் முகம் வாடிவிட்டது. தரணி பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டாள். புடவையைப் போல அதையும் உங்கள் முன்னால் வைத்துக் கேட்டுவிட்டு எடுத்திருக்க வேண்டுமோ? அதோடு நான் இங்கிலீஷை விட்டுவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அன்னூரிலிருந்து உங்கள் தம்பி வந்தார். மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காத மனிதர். அப்பாவோ மகளோ இப்போது 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' என்று ஆரம்பிப்பார்கள் என அடுக்களையில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். தரணி கதவைத் திறந்தாள்.

"வாங்க மாமா. என்னங்க, அத்தி பூத்தாப்பல வந்திருக்கீங்க?"

உங்கள் தம்பி முழித்தார். "இதாரு கண்ணு சொல்லிக்குடுத்தாங்க? உங்கம்மா இருந்தா ப்ளூ மூனுன்னில்ல சொல்லும்!"

"ஆரும் சொல்லிக்குடுக்கலீங்க. ஊட்ல இவிய அப்படித்தான் சொல்லுவாங்க" என்று என் பக்கம் கை காட்டினாள்.

அம்மா என்று சொல்லவில்லை. இதுவரை சொன்னதும் இல்லை. ஆனால் என் பேச்சு அவள் வாயில் தானாக வந்துவிட்டது. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

இனி உங்கள் வார்த்தைகளைத் தொட மாட்டேன், அக்கா. இது சத்தியம். பரீட்சை நாளில் அவர் உங்களைப் போலவே சொல்லி அனுப்பட்டும், நான் குறுக்கே வர மாட்டேன். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை படத்திலிருந்து பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள், உங்களுக்கும் கொஞ்சம் பொறாமையாக இருந்ததா?

உங்களுக்குப் பின்னால் வந்த,
தங்கை