வளைந்த சுண்டுவிரல்

அன்புள்ள அக்கா,

டெல்லியிலிருந்து ஆவணப்படம் எடுக்க வந்தவர்களிடம் அன்று நான் சொல்லாமல் விட்டது இதுதான்: அக்காவின் இந்தக் கையைக் காட்டாதீர்கள், பார்த்தவுடன் யாரென்று பட்டாசுக் கம்பெனிக்குத் தெரிந்துவிடும்.

கம்பெனி மறைத்த விபத்தைப் பற்றிப் பேசச் சம்மதித்தீர்கள். "ஏ புள்ள, மூஞ்சி வேண்டாம், கைய மட்டும் எடுக்கச் சொல்லு. அதான் வெள்ளிப் பவுடர் பூசியிருக்கேனே!" என்று பட்டாசு மருந்து படிந்த கையைக் காட்டிச் சிரித்தீர்கள். அந்த விபத்தில் வெந்து வளைந்த சுண்டுவிரல் திரி சுற்றுவதைக் கேமராக்காரர் மூச்சடக்கிப் படம் பிடித்தார். மொழிபெயர்க்க வந்த நானும் காட்சியின் அழகுக்காகவே வாயை மூடிக்கொண்டேன்.

விருதுநகரில் படம் திரையிட்டபோது உங்கள் ஃபோர்மேன் என் பின்வரிசையில் இருந்தார். "ஏலே, இது நம்ம வள்ளித்தாய் விரலுல்ல!" என்றார். அது காதில் விழுந்த பிறகும் எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினேன்.

மறுநாள் காலை வேலைக்குப் போக, ஆமத்தூர் பிரியும் விலக்கில் நீங்கள் நின்றீர்கள். தினமும் உங்களை ஏற்றிப்போகும் கம்பெனி வேன் நிற்காமல் போனது.

உங்கள் தங்கை