அலமாரி வந்தால்தான் நான் வருவேன்

பிப்ரவரி 7, சனி

இன்றும் ஒரு டிஸ்க் வாங்கினேன். திட்டுகிறவர்கள் திட்டட்டும்.

கடையில் படங்கள் இருந்த இடம் இன்னும் சுருங்கிவிட்டது. முன்பெல்லாம் ஒரு சுவர் முழுக்க இருக்கும். இப்போது போன் கவர்களுக்குப் பக்கத்தில், கீழ்த்தட்டில். முதுகு வலிக்கிறவர்கள் வாங்கவே முடியாது. கடைக்காரர் பில் போடும்போது, "இன்னும் இதுலதான் படம் பாக்கறீங்களா மேடம்?" என்றார். "விக்கறதுக்கு நீங்க இருக்கீங்க, வாங்கறதுக்கு நான் இருக்கேன். அப்புறம் என்ன?" என்றேன். சிரித்தார். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

வாங்கியது கப்பல் படம். என்னிடம் ஏற்கெனவே டிவிடியாக இருக்கிறது, இது புளூ-ரே. இரவுக் கடல் வருகிற இடத்தில் கறுப்பு கறுப்பாகவே இருக்கிறது. ஓடிடியில் அதே கடல் சாம்பல் நிறக் கட்டம் கட்டமாக மிதக்கும். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க லென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கீறல் பார்க்கிறவள் நான். எனக்கா தெரியாது?

பிப்ரவரி 10, செவ்வாய்

லிப்ட்காரர் கேட்டே விட்டார்.

எங்கள் கடை இருக்கும் கட்டடத்தின் லிப்டைப் பழுதுபார்க்க வந்தவர். அப்போது வைத்த பெயர், இந்த நோட்டில் அப்படியே நின்றுவிட்டது. "நம்ம கல்யாணத்தை ஜூன்ல பதிவு பண்ணிக்கலாமா?" என்று ஏதோ சர்வீஸ் தேதி குறிப்பவர் மாதிரிக் கேட்டார். நாற்பத்தெட்டு வயதில் வெட்கப்படக் கூடாது என்று நினைத்துக்கொண்டே வெட்கப்பட்டேன். சரி என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வீட்டுச் சுவர் முழுக்க டிஸ்க் அடுக்கியிருக்கிற அலமாரியை மேலிருந்து கீழே பார்த்தார். "என் வீட்டுக்கு வரும்போது, இதையெல்லாம் என்ன பண்றது?"

இதையெல்லாம்!

பிப்ரவரி 15, ஞாயிறு

அவர் வீட்டுக்குப் போனேன். ஒன்பதாம் மாடி. சுவரில் ஓர் ஆணி கூட இல்லை. ஒரு சோபா, ஒரு டிவி, ஒரு செடி. அந்தச் செடியும் பிளாஸ்டிக். புத்தகம் போனில், பாட்டு போனில், படம் சந்தாவில். "தூசியே கிடையாது பாருங்க" என்று பெருமையாகச் சொன்னார். மனுஷன் வாழ்கிற வீடா, வாடகைக்கு விடப்போகிற வீடா என்று கேட்க வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 16, திங்கள்

எல்லாப் படத்தையும் ஒரு ஹார்ட் டிஸ்கில் ஏற்றிவிட்டு டிஸ்குகளை யாருக்காவது கொடுத்துவிடலாமாம். ஏற்றுவதும் இறக்குவதும் அவர் தொழில். என்னை விட்டுவிடட்டும்.

பிப்ரவரி 22, ஞாயிறு

தங்கை வந்தாள். அவள் மகளுக்கு நான் கொடுத்த கார்ட்டூன் படத்தை இன்னும் திருப்பித் தரவில்லை; கேட்டால் "அது எங்கேயோ கிடக்கு" என்கிறாள். ஆனால் எனக்குப் புத்தி சொல்ல மட்டும் நேரம் இருக்கிறது.

"அக்கா, நல்ல மனுஷன். குடிக்கறதில்ல, கத்தறதில்ல. நாலு வட்டத் தட்டுக்காக அவரைக் கோட்டை விடாதே."

"நாலு இல்ல. ஒரு சுவர்."

"அதைத்தான் சொல்றேன். அந்தச் சுவரைக் கட்டிக்கிட்டா குடித்தனம் பண்ணப் போறே?"

அவள் போன பிறகு, லென்ஸ் துடைக்கும் துணியால் கப்பல் படத்தை நடுவிலிருந்து விளிம்புக்குத் துடைத்து வைத்தேன். வட்டமாகத் துடைக்கக் கூடாது. அது அவளுக்குத் தெரியாது.

மார்ச் 1, ஞாயிறு

சண்டை.

போட்டி என்று அவர்தான் ஆரம்பித்தார். "நீங்க எந்தப் படம் வேணாலும் சொல்லுங்க. என் டிவியில இருந்தா என் கட்சி, இல்லேன்னா உங்க கட்சி." சொன்னேன். உண்மையை எழுத வேண்டும் – முக்கால்வாசி இருந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பிறகு தையற்காரியின் படத்தைச் சொன்னேன். அதுவும் இருந்தது. சரி, போடுங்கள் என்றேன். அவள் ராத்திரி தனியாக மெஷினை மிதித்துக்கொண்டே பாடுகிற பாட்டு இருக்கிறதே, அது இல்லை! உதடு அசைகிறது, பின்னால் ஏதோ வாத்தியம் ஓடுகிறது. பாட்டுக்கு உரிமை முடிந்துவிட்டதாம்.

"ஒரு பாட்டுதானே" என்றார்.

"நாளைக்கு உங்க லிப்ட்ல ஏழாம் மாடி பட்டனை மட்டும் எடுத்துட்டு, ஒரு மாடிதானேன்னு சொல்வீங்களா?"

அவருக்கும் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. பிளேயர் செய்கிற கம்பெனிகளே குறைந்துகொண்டு வருகின்றன, உங்களுடையது உடைந்தால் அந்தத் தட்டுகளில் டீ கிளாஸ்தான் வைக்கலாம் என்றார். அதில் நியாயம் இருந்ததால் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. "அலமாரி வந்தால்தான் நான் வருவேன்" என்றேன். "அலமாரி வந்தா நான் எங்க உக்கார்றது?" என்றார்.

கிளம்பிவிட்டேன். அவர் பராமரிக்கும் லிப்டில் இறங்கவில்லை. ஒன்பது மாடியும் படியில் இறங்கினேன்.

மார்ச் 2, திங்கள்

முழங்கால் வலி. வருத்தம் இல்லை.

மார்ச் 5, வியாழன்

தூக்கம் வரலை. எதுக்கு இந்தப் பிடிவாதம்? படம்தானா?

இல்லை. படம் மட்டும் இல்லை.

முதல் கல்யாணத்தில் அந்த ஆள் அடிக்கவில்லை, கத்தவில்லை. பிரிந்துவிடலாம் என்று நான் சொன்ன அன்று சரி என்றான். மறுநாள் வேலை முடிந்து வந்து டிவியைப் போட்டால், பாஸ்வேர்டு கேட்கிறது. பழைய பாஸ்வேர்டைப் போட்டேன். தவறு என்றது. திரும்பப் போட்டேன், தவறு. படங்களெல்லாம் அந்தக் கணக்கில்தான் இருந்தன, பாதி என் சம்பளத்தில் வாங்கியவை. கம்பெனிக்குப் போன் செய்தால் அங்கே ஒரு பெண் தேனொழுகப் பேசினாள்: கணக்கு உங்கள் கணவர் பெயரில் இருக்கிறது, அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவன்கிட்டயா கேப்பேன்? வீடு அவன் பேர்ல. கரண்டு பில்லும் அவன் பேர்லதான். நான் வாழ்ந்த வீட்ல நானே விருந்தாளி மாதிரி சோபா நுனியில உக்காந்திருந்தேன்.

தனியாக வந்த பிறகு முதலில் வாங்கியது பழைய பிளேயர் ஒன்றும் ஒரு டிஸ்கும். கட்டில் அப்புறம்தான் வந்தது. பெட்டியைத் திற, வை, மூடு, படம் ஓடும். யார் அனுமதியும் வேண்டாம். இந்தச் சுகம் தங்கைக்கு எப்படிப் புரியும்?

மார்ச் 20, வெள்ளி

அவரிடமிருந்து ஒன்றும் இல்லை. என்னிடமிருந்தும்தான். கடையில் ஒரு கண்ணாடியைத் தலைகீழாக மாட்டிக் கொடுத்துவிட்டேன். மானம் போயிற்று.

ஏப்ரல் 1, புதன்

ஒரு மாதம் கழித்து லிப்ட்காரரிடமிருந்து செய்தி. நலமா இல்லை, மன்னிப்பு இல்லை. இவ்வளவுதான்:

"கோர்ட் படம் உங்ககிட்ட இருக்கா? நேத்து பாக்கறப்ப, தீர்ப்பு சொல்ற இடத்துல யாரோ லிப்ட்ல மாட்டிக்கிட்டாங்கன்னு கூப்பிட்டாங்க, போயிட்டேன். இன்னைக்குப் பாத்தா படத்தையே எடுத்துட்டாங்க. மாசம் முடிஞ்சுடுச்சாம். அந்தப் பொண்ணு கொலை பண்ணினாளா இல்லையா?"

படித்துவிட்டுக் கடையில் எல்லோர் முன்னாலும் வாய்விட்டுச் சிரித்தேன். சாயங்காலம் வரை பதில் போடவில்லை. பிறகு போட்டேன்: "இருக்கிறது. சனிக்கிழமை வாருங்கள். மூன்று மாடி, லிப்ட் கிடையாது."

ஏப்ரல் 4, சனி

ஐயோ, என் மானமே!

வந்தார். மூச்சு வாங்க உட்கார்ந்தார். ஒரு ராணி மாதிரி எழுந்து போய், அலமாரியிலிருந்து கோர்ட் படத்தை உருவி, பெட்டியைத் திறந்தேன். உள்ளே மலையேறுகிற படம்.

எப்படி என்று எனக்குத் தெரியும். பார்த்து முடித்த டிஸ்கை அதன் பெட்டிக்குத் திருப்ப எனக்குச் சோம்பல். அடுத்த படத்தை எடுத்து பிளேயரில் போட்டுவிட்டு, பழையதைப் புதியதன் காலிப் பெட்டியில் வைத்து மூடிவிடுவேன். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. அந்தப் பிறகு வந்ததே இல்லை. ஒன்று ஒன்றாகத் தள்ளித் தள்ளி, பாதி அலமாரி அடுத்த வீட்டில் குடியிருக்கிறது. பிளேயரைத் திறந்தேன், அதில் கொள்ளைக்காரர்கள். மலைப் பெட்டியைத் திறந்தேன், அதில் தையற்காரி.

"உங்ககிட்ட இருக்குன்னு சொன்னீங்க" என்றார், ரொம்ப மெதுவாக.

"இருக்கு. எங்கேன்னுதான் தெரியல."

விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் எந்த வாயால் பேசுவது? தேடினால் கிடைக்காதது சொந்தமா என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, "மேல் தட்டுலேர்ந்து ஆரம்பிப்போம்" என்றார்.

ஏப்ரல் 5, ஞாயிறு

இன்றும் வந்தார். கூடமெல்லாம் திறந்த பெட்டிகள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினோம். கோர்ட் படம் மட்டும் இல்லை. எந்த டிஸ்க் எந்தப் பெட்டி என்று சேர்ப்பதில் அவருக்கு என்னைவிட வேகம். நடுவில், "இவ்வளவும் எதுக்குங்க? நெஜமாவே கேக்கறேன்" என்றார்.

பாஸ்வேர்டு கதையைச் சொன்னேன். முழுதாக இல்லை, நாலு வாக்கியம். அவர் கையிலிருந்த பெட்டியை மூடவே இல்லை. "என் வீட்லயும் வாடகைப் பத்திரத்துலேர்ந்து எல்லாம் என் பேர்லதான் இருக்கு" என்றார். ஆமாம் என்றேன்.

அப்போது பார்த்துத் தங்கையின் போன். ஸ்பீக்கரில் போட்டேன். கார்ட்டூன் பெட்டி கிடைத்துவிட்டதாம். "உள்ள ஏதோ கோர்ட் படம்க்கா. கொழந்தைக்குன்னு போட்டா கொலைக்கேஸ் ஓடுது. சரின்னு நானே ரெண்டு தரம் பாத்துட்டேன். கடைசியில அந்தப் பொண்ணு–"

"சொல்லாதீங்க!" என்று லிப்ட்காரர் போட்ட கத்தலில் கையிலிருந்த பெட்டி கீழே விழுந்தது.

"யாரது பக்கத்துல?" என்றாள் தங்கை. நாலு வட்டத் தட்டு என்று சொன்னவள்! இரண்டு தரம் பார்த்திருக்கிறாள்!

ஏப்ரல் 11, சனி

படம் பார்த்தோம். தீர்ப்பு வரும் இடத்தில் அவர் போன் அடித்தது. யாரோ மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். எழுந்து போனார். நான் நிறுத்திவைத்தேன். திரும்பி வரும்வரை நீதிபதி வாயைத் திறந்தபடி நின்றார்.

வந்து தீர்ப்பையும் பார்த்து முடித்தார். டிஸ்கை எடுத்து, அதன் பெட்டியிலேயே வைத்தார்.

மே 10, ஞாயிறு

ஒன்பதாம் மாடிப் பேச்சை அவர் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. ஜூன் மட்டும் பக்கத்தில் வந்துகொண்டே இருக்கிறது.

மே 29, வெள்ளி

இன்று நானே சொன்னேன். இழுத்துக்கொண்டே போக எனக்குத் தெரியாது.

நேற்று அவர் இரும்புக் கடையில் அலமாரி பார்த்து வந்தாராம். "அங்க ஒரு சுவரை உங்களுக்கு ஒதுக்கித் தரேன்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அந்த "ஒதுக்கித் தரேன்" எனக்கு ஆணி மாதிரி இறங்கியது.

"நான் உங்க வீட்டுக்கு வர மாட்டேன்" என்றேன். "அலமாரி வந்தாலும் வர மாட்டேன். உங்களைப் பிடிக்காம இல்ல. ரொம்பப் பிடிக்கும். ஆனா இன்னொருத்தர் ஒதுக்கித் தர்ற சுவர்ல இனிமே நான் இருக்க மாட்டேன். இதுக்காக நீங்க வேணாம்னு சொன்னா, அழுவேன். அழுதுட்டு இங்கேயே இருப்பேன்."

செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "சரி" என்றார். படியிறங்கிப் போய்விட்டார்.

சரின்னா என்ன சரி? எதுக்குச் சரி? ஒரு வார்த்தை கூடச் சொல்லத் தெரியாதா அந்த மனுஷனுக்கு? போகட்டும். நான் சொன்னதில் ஒரு எழுத்தைக் கூட வாபஸ் வாங்க மாட்டேன்.

ஜூன் 2, செவ்வாய்

போன் இல்லை. அழுதேன். இங்கேயேதான் இருக்கிறேன்.

ஜூன் 6, சனி

சாயங்காலம் வந்தார். இரண்டு பைகளோடு மூன்று மாடி ஏறியதில் சட்டை முழுக்க நனைந்திருந்தது. பேசக்கூட மூச்சு இல்லை. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுக் குளிக்கப் போனார். உடனே உள்ளேயிருந்து குரல்: "என்னங்க இது, நூல் மாதிரி வருது தண்ணி?"

எட்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு வந்ததும் குறை! எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, "புடிக்கலேன்னா உங்க வீட்டுக்குப் போய்க் குளிங்க" என்று கத்தினேன்.

குழாய் நின்றது.

"எந்த வீட்டுக்கு?" என்றார். "காலையிலதான் சாவியை ஓனர்கிட்ட கொடுத்துட்டு வந்தேன்."

பீரோவைத் திறந்து அவருக்கு ஒரு துண்டு எடுத்தேன்.