இடது கையில் மூன்று

4-3-1974, திங்கள்

காலையிலேயே புழுக்கம். வாங்க வேண்டியது: நீலம், ரவை, சின்னவனுக்கு சிலேட்டுக் குச்சி.

இன்று முதல் பத்து நாள், மத்தியானம் இன்-சர்வீஸ் கோர்ஸ். ஒன்று, இரண்டாம் வகுப்பு டீச்சர்களுக்கு. பிள்ளைகள் கையால் செய்து படிக்க வேண்டுமாம். பதினாறு வருஷமாக நான் வாயால்தான் சொல்லிக்கொடுக்கிறேன். யாரும் கெட்டுப்போனதாகத் தெரியவில்லை. வலியசாலையிலிருந்து இந்த வெயிலில் நடந்து போய் இதைக் கேட்க வேண்டும் என்று தலையெழுத்து.

நடத்துகிறவர் சுகுமாரன் சார். மலையாளி, ஒல்லி. பை நிறையப் புளியங்கொட்டை, ஈர்க்குச்சி, சோடா மூடி. நாற்பது வயதுக்காரிகள் தரையில் உட்கார்ந்து பத்துப் பத்தாக ஈர்க்குச்சி கட்டினோம். பத்துக்கு ஒன்று என்று பிள்ளைக்குப் பிடிபட்டால் கணக்கில் பாதி முடிந்ததாம். பக்கத்து டீச்சர் என் காதில், "நம்மள எல்லாம் வாரியல் கட்ட விட்டாச்சு" என்றாள். துடைப்பம் கட்டுகிறவர்கள் மாதிரித்தான் இருந்தோம், சிரிப்பை அடக்க முடியவில்லை. முட்டி வலி.

5-3, செவ்வாய்

ஒன்றாம் வகுப்பில் நிறுத்திவைக்க வேண்டியவர்கள் லிஸ்ட். ஹெச்.எம். கேட்டார், எழுதிக் கொடுத்தாச்சு. ஒரே பெயர்தான், இசக்கி.

வயது எட்டு. ஒன்றாம் வகுப்பிலேயே மூன்றாவது வருஷம். அம்மா மாடத்திக்கு சாலைக் கடைத்தெருவில் பொரிக்கடை வேலை. போன மாதமே வந்து சொல்லிவிட்டுப் போனாள்: "இந்த வருசமும் தோத்தாள்னா நிப்பாட்டிருவேன் டீச்சர். பேரூர்க்கடையில ஒரு வீட்டுல பிள்ளை பாத்துக்கிட ஆள் கேக்காவ."

கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் நான் என்ன செய்ய? வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். பரீட்சையில் முப்பத்துநாலு கொட்டையைக் குவித்து, எத்தனை என்று கேட்டேன். ஏழு கொட்டையைக் கொண்டுவந்து நீட்டுகிறாள். அதிலும் பாதி இடது கையில். டீச்சருக்கு யாராவது இடது கையால் கொடுப்பார்களா? எல்லாவற்றையும் வலது கைக்கு மாற்றச் சொல்லித்தான் வாங்கினேன். கையில் ஒரு அடி. மார்க் பூஜ்யம்.

6-3, புதன்

தயிர் புளித்துவிட்டது.

கோர்ஸில் வீட்டுப்பாடம். ஒரு பிள்ளையை அரைமணி நேரம் பார்க்க வேண்டும். சொல்லிக்கொடுக்கக் கூடாது, திருத்தக் கூடாது. நான் ஏதோ கேட்கப் போக, சுகுமாரன் சார், "மிண்டண்டா டீச்சரே. நோக்கியா மதி" என்றார். வாயைத் திறக்காமல் பார்த்தால் போதுமாம். வீட்டில் சொன்னேன். "அரைமணி நேரமா, நீயா?" என்று இவர் பேப்பரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

இசக்கியையே பார்க்கலாம். எப்படியும் போகப் போகிற பிள்ளை, யாருக்கும் நஷ்டமில்லை. (இப்படித்தான் நினைத்தேன். எழுதி வைக்கிறேன்.)

7-3, வியாழன்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

இடைவேளை. இசக்கி முன்னால் இரண்டு கை கொட்டையைக் கொட்டிவிட்டு, தள்ளி உட்கார்ந்தேன். வாயைப் பொத்திக்கொண்டேன், நிஜமாகவே கையால். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு என்னை மறந்துவிட்டாள்.

ஒவ்வொரு கொட்டையாக வலது கையில் எடுக்கிறாள். பத்து சேர்ந்ததும் ஒன்றை இடது கைக்கு மாற்றுகிறாள், மீதி ஒன்பதை மடியில் போடுகிறாள். மறுபடி வலது கை. பத்து. மறுபடி இடதில் ஒன்று. அவசரம் இல்லை, தயக்கம் இல்லை. வெளியே பிள்ளைகள் கூச்சல். இவள் தலை நிமிரவே இல்லை.

கடைசியில் இடது கையில் ஐந்து, வலது கையில் இரண்டு.

மடியில் கிடந்ததையும் சேர்த்து எண்ணினேன். ஐம்பத்திரண்டு. மறுபடி எண்ணினேன். ஐம்பத்திரண்டு.

பரீட்சையில் அவள் கொண்டுவந்தது இடது கையில் மூன்று, வலது கையில் நாலு. சரியாகத்தான் கொண்டுவந்திருக்கிறாள். ஒரே கையில் போடு என்று அதை ஏழாக்கியது நான்.

கோர்ஸில் நாங்கள் இருபது பேர் குச்சி கட்டிப் படிப்பதை இந்தப் பிள்ளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மூன்று வருஷமாக என் முன்னால் நின்றிருக்கிறது. வீட்டில் அரிசி அளக்கும்போது நானும் பட்டாணியை வைத்துச் செய்து பார்த்தேன். கரண்டிக்கு ஒரு பட்டாணி. இவர் குடை எங்கே என்று கேட்டார். இருபத்து மூன்றில் எண்ணிக்கை விட்டுப்போச்சு.

8-3, வெள்ளி

சிலேட்டுக் குச்சி மறந்தே போச்சு.

சாயங்காலம் சாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். பொரிக்கடை வாசலில் மாடத்தி படியால் அளந்து சாக்கில் போடுகிறாள், வருகிறவர்களிடமெல்லாம் பேசிக்கொண்டே. காலடியில் இசக்கி. ஒரு படி விழுந்தால் வலது கையில் ஒரு கொட்டை.

என்னைக் கண்டதும் மாடத்தி எழுந்துவிட்டாள். கொட்டை எதற்கென்று நான் கேட்டதற்குச் சொன்னாள்: "பேச்சுல எனக்கு எண்ணம் தப்பிரும் டீச்சர். அவதான் பிடிச்சுக்கிடுவா. வலதுல பத்தாச்சுன்னா இடதுல ஒண்ணு. இன்னைக்கு வரை ஒரு படி தப்புனதில்ல." பிறகு பயந்துபோய், "ஏன் டீச்சர், அப்படிச் செய்யப்படாதா?" என்றாள்.

இதைவிடப் பெரிய கணக்கு ஒன்றாம் வகுப்பில் இல்லை என்று நடுச்சந்தையில் எப்படிச் சொல்ல? செய்யலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். பொரி வாங்கச் சொன்ன ஞாபகம் வீட்டுக்கு வந்துதான் வந்தது.

9-3, சனி

ஹெச்.எம். வீட்டுக்கே போய்ச் சொன்னேன். நம்பவில்லை. லிஸ்ட் திங்கட்கிழமை ஆபீசுக்குப் போகிறதாம். பெயரை அடிக்க வேண்டுமானால் அதற்கு முன்னால் அந்தப் பெண் தன் கண்ணெதிரே செய்து காட்டட்டும் என்றார். நியாயம்தான். ஹெச்.எம். அறைக்குள் நின்றால் எனக்கே வாய் குழறும்.

11-3, திங்கள்

முதல் பீரியட், ஹெச்.எம். அறை. ஹெச்.எம். தாமே கொட்டையைக் கொட்டினார். இசக்கி தரையில் உட்கார்ந்தாள். மின்விசிறிச் சத்தம் மட்டும். வலது கை, மடி, இடது கை. ஒரு இடத்தில் நின்றுபோனாள். உருண்டு போன ஒன்றை நாற்காலிக்கடியிலிருந்து எடுத்துவந்து தொடர்ந்தாள்.

முடிந்ததும் மடியில் இருந்ததைத் தரையில் விட்டு எழுந்து, இரண்டு கையையும் மூடிக்கொண்டு நின்றாள்.

"ரெண்டு கையையும் நீட்டு, மக்களே" என்றேன், பெற்ற பிள்ளையிடம் சொல்வதுபோல.

நீட்டினாள். நீட்டியதும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். இத்தனை நாள் நான் கையை நீட்டச் சொன்னதெல்லாம் எதற்கென்று அவளுக்குத் தெரியும்.

விரலை நான்தான் விரித்தேன். இடதில் நாலு, வலதில் ஒன்று. ஹெச்.எம். குனிந்து, தரையில் கிடந்ததையும் சேர்த்து எண்ணினார். நாற்பத்தொன்று. பேனாவை எடுத்து லிஸ்டில் பெயரை அடித்தார்.

இசக்கி இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. இரண்டு கையும் நீட்டினபடியே.