பச்சைக் கிண்ணமும் கடல் சாமந்தியும்

அன்புத் தம்பி இளங்கோ, உன் மீன்தொட்டியின் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

பூவைப் போல் இருந்தாலும் பிராணிதான் என்று நீ சொல்வாயே, அந்தக் கடல் சாமந்தி உயிரோடு இருக்கிறது. இதற்கு மேல் எதையும் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. அதன் பாதம் பாறையை முழுமையாகப் பற்றவில்லை. வாய் பாதி திறந்திருக்கிறது. வாய் தொங்கினால் கவலைப்பட வேண்டும் என்று நீதானே சொல்லியிருக்கிறாய்?

சென்னையிலிருந்து அதைப் பாலித்தீன் பையில் நீ கொண்டுவந்த நாளை நினைத்துக்கொள்கிறேன். கடைக்காரர் சொன்ன பெயரை நீ நம்பவில்லை. "வாண்ணே, அடையாள அணிவகுப்பு நடத்தலாம்" என்று என்னைக் கூப்பிட்டாய். அது மணலில் புதையாமல் பாறை இடுக்கைத் தேடிப் போனது. இதழ் போன்ற அதன் விரல்களின் நுனி குமிழாக உப்பியிருந்தது. இவற்றை வைத்தே குமிழ்நுனிச் சாமந்தி என்று முடிவு செய்தாய். வெள்ளை வெளேரென்று இருந்த இன்னொன்றை ஏன் வாங்கவில்லை என்று கேட்டதற்கு, "அது அழகு இல்லண்ணே, நோவு" என்றாய்.

இனி என் வாக்குமூலம். உன் முதலாண்டுத் திதியன்று, நீ கடைசியாகச் சூளையிலிருந்து எடுத்து எனக்குக் கொடுத்த பச்சைக் கிண்ணத்தை நான் தொட்டிக்குள் வைத்தேன். நம் ஊரில் மீன்தொட்டி இருக்கும் வீட்டில் அதற்குள் ஒரு பீங்கான் பொம்மையாவது கிடக்கும். அதுபோலத்தான் இதுவும் என்று எண்ணினேன். உன் மனைவி செல்வியும் கண் கலங்கி, "அவரு கை பட்டது, உள்ளயே இருக்கட்டும் மாமா" என்றாள்.

நான்காம் நாள் விரல்கள் சுருங்கின. அப்போதுதான் நினைவு வந்தது. நீ உள்ளே வைத்தவை எல்லாம் கிளேஸ் என்னும் பளபளப்புப் பூச்சு இல்லாத வெள்ளைப் பீங்கான் துண்டுகள். ஏன் என்று ஒருமுறை கேட்டிருக்கிறேன். "பச்சைக்குச் செம்பு கலக்கறோம்ண்ணே. நம்ம கண்ணுக்கு அழகு, அதுக்கு வெசம்" என்றாய். அதை மறந்தேனா, உன் பிடிவாதம் என்று ஒதுக்கினேனா? எது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

கிண்ணத்தை உடனே எடுத்துவிட்டேன். ஆனால் செல்வியிடம், "பாசி பிடிச்சிருக்குதும்மா, கழுவித் தரேன்" என்றேன். அதில் பொய் இல்லை. லேசாகப் பாசி இருந்தது. இத்தகைய வாக்கியங்களை அமைப்பதுதான் வக்கீலான என் தொழில். எட்டு நாள் அது என் அலுவலக மேசை இழுப்பறையில் கிடந்தது. எட்டு நாளும் அவள் தொட்டித் தண்ணீருக்கான உப்பை இரண்டு முறை நிறுத்துப் பார்த்துக் கரைத்தாள். "நான்தான் தப்பா கலந்துட்டேன் போலிருக்குது மாமா. அவரு விட்டுட்டுப் போனத ஒழுங்கா வெச்சிக்கத் தெரியல எனக்கு" என்றாள். நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

நேற்று அவளே ஆரம்பித்தாள். "கிண்ணம் காஞ்சிருக்கும்ல மாமா? கொண்டாங்க. அது இல்லாமத்தான் வாடுதோ என்னமோ."

அதற்குப் பிறகு எனக்கு எந்த வாக்கியமும் அமையவில்லை. செம்பு, உன் எச்சரிக்கை, இழுப்பறை எல்லாவற்றையும் சொன்னேன்.

"எட்டு நாளா வாய்தா வாங்கியிருக்கீங்க மாமா. என்னைக் குத்தவாளியா நிக்க வெச்சிட்டு." பிறகு அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "பக்கெட்ட எடுங்க. அந்தச் சென்னைக்காரருக்குப் போன் போட்டு, செம்பு போவ என்ன செய்யணும்னு கேளுங்க. இப்பவே."

கால் பங்குத் தண்ணீரை மாற்றினோம்; வடிகட்டிக்குள் கரிப் பை ஒன்றை இட்டோம். பாறை உறிஞ்சிய செம்பு மெல்லத்தான் வெளிவரும் என்கிறார் கடைக்காரர். பிழைக்குமா தம்பி? சாமந்தியின் விரல்களுக்குள் குடியிருக்கும் கோமாளி மீன்கள் இரண்டும் அதை விட்டு இன்னும் விலகவில்லை. அதை நல்ல அறிகுறி என்று நம்பலாமா?

கிண்ணத்தை என்ன செய்வது என்று செல்வி சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

ஒன்றுக்கு மட்டும் உனக்கு வாக்குத் தருகிறேன். அது பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும், வாடியதற்குக் காரணம் செல்வியின் கை அல்ல, என் கை என்று கேட்பவர் எல்லோரிடமும் நானே சொல்வேன். உனக்கு மட்டும் எழுதியிருக்க வேண்டிய கடிதத்தை ஊரார் படிக்க எழுதுவதும் அதற்காகத்தான்.

நாளைய தண்ணீரில் உப்புக் கரைத்து வைத்திருக்கும்,
உன் அண்ணன்
சிவநேசன்