முக்காட்டுக்குள் போன்

வெள்ளி, இஷாத் தொழுகைக்குப் பிறகு.

மகளுக்குக் காதின் பின்னால் கட்டி. அடுத்த கிழமை வெட்டி எடுக்கிறார்கள். முக்காட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு, சமைக்கும்போதும் துவைக்கும்போதும் கத்தாரிலுள்ள புருஷனோடு கதைத்தபடியே இருப்பாள்.

"போனாலதான் வந்த எண்டு சொல்ல ஏலாது. எதுக்கும் ஸ்பீக்கர்ல கதைங்க" என்றார் டொக்டர்.

இன்று மருமகன் கோல் எடுத்தார். மகள் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள்.

"சாப்பிட்டயா புள்ள?"

"ஓம். நீங்க?"

"இன்னும் இல்ல. வேற?"

"உம்மா பக்கத்துல."

மருமகன் கதைக்கும் இடத்தில் நான் நின்றதே இல்லை. எங்கள் வீட்டு மரியாதை அது. அரிசிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன்.

"என்னாலதானே உனக்கு இப்பிடி" என்று அவர் விம்மினார். கிணற்றடி வரை கேட்டது. வேலியோரம் போய் நின்றேன்.

அங்கேயும் கேட்டது.