மலை பஸ் கிரீஸும் சுந்தர்சிங் வண்டியும்

சித்தூர்
அக்டோபர் 1986

அன்பு மகள் ஜெயசீலிக்கு நைனா எழுதுவது. ஆண்டவர் தயவால் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், சிங்கப்பூரில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, ஆஸ்பத்திரி நைட் ட்யூட்டி முடிந்து ஒழுங்காகத் தூங்குகிறாயா என்பதுதான் இங்கே தினமும் ஜெபத்தில் இருக்கிற விஷயம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மழையும் பரவாயில்லை, மற்ற வீட்டுச் சமாசாரமெல்லாம் அவள் தனியாக எழுதுவாள். எனக்கு அதற்கெல்லாம் இப்போது பொறுமை இல்லை, கை பரபரக்கிறது. அந்த வண்டி விஷயம் சொல்லவேண்டும்.

நீ கொடுத்தனுப்பின ரிமோட் வண்டியைத்தான் சொல்கிறேன். சுந்தர்சிங் எனக்காகத் தன் கையாலேயே பூட்டிய ரேஸ் கார் என்று நீ எழுதினாய், அதற்கு நான் என்ன பதில் எழுதினேன் என்பது உனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். முப்பது வயது ஆம்பளை பொம்மைக் கடையில் உட்கார்ந்து பொம்மை கார் ரிப்பேர் செய்கிறான், அவனுக்கு என் பெண்ணைக் கொடுக்க மாட்டேன் என்று எழுதினேன். எழுதிவிட்டு வண்டியைப் பெட்டியோடு பீரோ மேலே போட்டேன். அது அங்கேயே கிடந்தது. அம்மா மட்டும் அப்பப்போ இறக்கித் தூசி துடைத்துத் திரும்ப வைப்பாள், வைக்கும்போது என்னைப் பார்ப்பாள்.

அப்போதுதான் நாகபூஷணம் வந்தான். பஸ் டிப்போவில் என்னோடு மெக்கானிக்காக இருந்து, பிறகு வேலையை விட்டுத் திருப்பதியில் ரேடியோ கடை வைத்தானே, அவன்தான். அவன் தம்பி மஸ்கட்டிலிருந்து இதே மாதிரி ஒரு வண்டி கொண்டுவந்து கொடுத்திருக்கிறான், அதைக் காட்டிப் பெருமை அடிக்கத்தான் சித்தூர் வரைக்கும் வந்தது. எனக்கு மட்டும் இல்லையா என்று பீரோ மேலிருந்து இறக்கினேன். வர சனிக்கிழமை நம்ம மிஷன் ஸ்கூல் மைதானத்தில் விட்டுப் பார்க்கலாம் என்று பேச்சாயிற்று.

நான் சும்மா விடுவேனா. திருப்பதி மலைக்குப் போகிற பஸ் ஒன்றைக்கூட என் சர்வீசில் பேரிங் கழட்டிக் கழுவிப் புது கிரீஸ் அடைக்காமல் அனுப்பியதில்லை, அது உனக்கே தெரியும். இந்த வண்டியையும் அப்படியே கழட்டினேன். சக்கரத்துக்கு ரெண்டு ரெண்டாக மோதிரம் போல இத்துனூண்டு பேரிங், அத்தனையும் மண்ணெண்ணெயில் கழுவி, பஸ்ஸுக்குப் போடும் மஞ்சள் கிரீஸை அடைத்தேன். பின்னால், வளைவில் ரெண்டு சக்கரத்தையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடுகிற டிஃபரன்ஷியல் இருந்தது. என்ன அழகு தெரியுமா, பஸ்ஸில் ரெண்டு ஆள் சேர்ந்து தூக்குகிற சாமானை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். உள்ளே காய்ந்து கிடக்கிறதே, பூட்டினவனுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று உன் சுந்தர்சிங்கைத் திட்டிக்கொண்டே அதிலும் கிரீஸை அப்பிவிட்டேன்.

சனிக்கிழமை சபை ஜனங்கள் பாதிப் பேர் மைதானத்தில். நாகபூஷணம் வண்டி பாய்ந்து போயிற்று. நம் வண்டி கத்தியது, அவ்வளவுதான். மோட்டார் கிர்ரென்று சுற்றுகிறது, சக்கரம் நகரமாட்டேன் என்கிறது. நாகபூஷணம் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை எழுதினால் காகிதம் பற்றிக்கொள்ளும். அடுத்த சனிக்கிழமை திருப்பதிக்கு வா, அங்கே காலேஜ் மைதானத்தில் திரும்பவும் விடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனான். எனக்கு அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

அம்மாதான் வழி சொன்னாள். வண்டியின் அடியில் கடை பேரும் போன் நம்பரும் ஒட்டியிருக்கிறதாம், தூசி துடைக்கும்போது பார்த்திருக்கிறாள். பூட்டினவனையே கேட்டால் என்ன குறைந்துபோகும் என்றாள். நான் முடியாது என்றேன். அவள் என் சட்டையை எடுத்துக் கையில் கொடுத்து, போஸ்ட் ஆபீசுக்குக் கூட்டிப்போய் சிங்கப்பூருக்கு ட்ரங்க் கால் புக் பண்ணிவிட்டாள்.

லைன் கிடைத்தது, சுந்தர்சிங்தான் எடுத்தான், சித்தூர் வேதநாயகம் பேசுகிறேன் என்றேன். வீட்டில் எல்லோரும் சுகம்தானே என்று பதற்றமாகக் கேட்டான். எல்லாம் சுகம், சக்கரம்தான் சுற்றவில்லை என்றேன். உடனே கேட்டான், “மாமா, உள்ள கிரீஸ் வச்சீங்களா?”

மாமா என்று கூப்பிட யார் உனக்கு அதிகாரம் கொடுத்தது என்று கேட்க நாக்கு துடித்தது, ஆனால் வண்டி விஷயம் அவசரமாக இருந்ததால் விழுங்கிக்கொண்டேன். கொஞ்சம் வைத்தேன் என்றேன். அம்மா பக்கத்திலிருந்து போனுக்குள்ளேயே கத்தினாள், “டப்பாவே காலி தம்பி, கொஞ்சமாம் கொஞ்சம்!”

அவன் சிரிக்கவில்லை சீலி. அங்கேதான் எனக்கு என்னவோ ஆயிற்று. “பஸ்ஸுக்கு நீங்க செஞ்சது ரைட்டு மாமா. நானும் மொத வண்டிய இப்படித்தான் கெடுத்தேன்,” என்றான். பிறகு நிதானமாக விளக்கினான். பஸ்ஸில் பல்லோடு பல் கடித்து இழுக்கிறது, அதற்கு எண்ணெயில் முழுகிக் கிடக்கவேண்டும். இதில் ரெண்டு தட்டுக்கு நடுவே கடுகைவிடக் கொஞ்சம் பெரிய குண்டுகள், அவை தட்டைக் கவ்விப் பிடிப்பதால்தான் சக்கரம் ஓடுகிறது, மஞ்சள் கிரீஸ் உள்ளே புகுந்தால் பிடிமானம் போய் வழுக்கும். எல்லாவற்றையும் பெட்ரோலில் கழுவித் துடைத்துவிட்டு, பேரிங்குக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு, டிஃபரன்ஷியலுக்கு, அதற்கென்றே பெட்டி மூலையில் வைத்திருக்கிற குட்டி ட்யூபிலிருந்து ஒரு துளி. பின் சக்கரம் ரெண்டையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நடுப்பல்சக்கரத்தைக் கட்டைவிரலால் தள்ளிப் பார்க்கவேண்டும், வழுக்கினால் ஸ்க்ரூவைக் கொஞ்சம் முறுக்கவேண்டும். ஆனால் ஒரேயடியாக இறுக்கிவிடக் கூடாது, இறுக்கினால் வண்டி வளைவில் திரும்பாமல் நேராகப் போய்விடும். இதை அம்மாவிடம் சொன்னபோது, மனுசனுக்கும் அப்படி ஒரு ஸ்க்ரூ வைத்திருக்கலாம் என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

போனை வைக்குமுன் அவனிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன். நான் கூப்பிட்டதைச் சீலியிடம் சொல்லாதே, நானே எழுதுவேன் என்றேன். சரி மாமா என்றான். அவன் உன்னிடம் இதுவரை வாய் திறக்கவில்லை என்றால் சொல் காப்பாற்றுகிறவன். திறந்திருந்தால் மேலே படிக்காமல் இந்தக் கடிதத்தைக் கிழித்துப்போடு.

அவன் சொன்னதை ஒன்று விடாமல் செய்து வண்டியை எடுத்துப்போனேன், திருப்பதியில் நடந்ததைக் கேள். வெயில், செம்மண் புழுதி, ஏழெட்டுக் கல்லை வைத்து வளைத்து வளைத்துப் பாதை. ஆரம்பத்தில் நாகபூஷணம்தான் முன்னால். அம்மா ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று முணுமுணுக்கிறாள். ஆனால் ஒவ்வொரு வளைவிலும் அவன் வண்டி அகலமாக ஒதுங்கிப் போகிறது, நம் வண்டி கல்லை உரசின மாதிரி ஒட்டித் திரும்புகிறது, சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை மாதிரி. மூன்றாவது சுற்றில் பக்கத்துக்குப் பக்கம். கடைசி வளைவில் அவன் வண்டிச் சக்கரம் கிறீச் கிறீச்சென்று அழுகிறது, பேரிங்கில் புழுதி ஏறிவிட்டது, பாவம் கழுவவே இல்லை போலிருக்கிறது. நம் வண்டி முந்திப் போய்க் கோட்டைத் தாண்டியது. எனக்கு அறுபது வயது என்பதே மறந்துபோய் அங்கேயே குதித்தேன், நிஜமாகவே குதித்தேன், அம்மாவைக் கேள்.

நாகபூஷணம் ஓடிவந்து வண்டியைத் தூக்கிப் புரட்டிப் பார்த்து, இந்த டிஃபரன்ஷியலை யார் செட் பண்ணியது என்று தெலுங்கில் கேட்டான். நான் யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“மா அல்லுடு.”

எங்கள் மருமகன் என்று. சொன்ன பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது. அம்மா அத்தனை ஜனத்துக்கு நடுவில் என் கையைப் பிடித்துக்கொண்டாள், பஸ் ஏறும் வரை விடவில்லை. சித்தூர் வந்து இறங்கியதும் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே போதகரைப் போய்ப் பார்த்தோம். மூன்று ஞாயிறு ஆராதனையில் கல்யாண ஓலை வாசிக்கவேண்டும், அதற்கு அவன் சபையிலிருந்து சர்டிபிகேட் வேண்டுமாம், மறக்காமல் வாங்கச் சொல். கிறிஸ்துமஸுக்கு ரெண்டு பேரும் சேர்ந்து வாருங்கள். வரும்போது பேரிங் ஒரு செட் கொண்டுவா, எனக்கு இல்லை, நாகபூஷணத்துக்கு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, நீ கையிட்டதையெல்லாம் வாய்க்கப்பண்ணுவாராக.

இந்தக் கடிதத்தை அவனுக்கு நீயே வாசித்துக் காட்டு. அந்த அல்லுடு என்ற இடம் வரும்போது மட்டும் நிறுத்தி, அவன் முகம் எப்படிப் போகிறது என்று பார்த்து எனக்கு எழுது.

உன் நைனா,
வேதநாயகம்